தெரியாது என்று சொல்லாதவர்

அந்த ஆள் எங்கள் ஊரான கோலா சிலாங்கூரை விட்டுப் போய்விட்டார். இப்போது தலைநகரில் குளிரூட்டிய மண்டபங்களில் பேசுகிறார் என்று கேள்வி. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மகிழ்ச்சியை என் கையால் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

அவரை நான் முதன்முதலாகக் கவனித்தது அசாம் ஜாவா சாலையோரத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடையில். கோவிட் அடைப்புக்கு முந்தைய ஆண்டு, மாசி மாதம். சித்திரை என்று சொல்பவர்களும் உண்டு, அது பிழை. கடைக்கு எதிரே குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அந்த வேலை பங்குனிக்குள் முடிந்துவிட்டது. மண்மேட்டை ஒட்டி ஒரு வேன் வந்து நின்றது. தைப்பிங்கிலிருந்து ஒரு சாவு வீட்டுக்கு வந்தவர்கள். இரட்டைமரத் தோட்டம் எங்கே என்று கேட்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு இரண்டிரண்டு பெயர். வரைபடத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மற்றது லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் வைத்தது. கைப்பேசிக்கு முதல் பெயர்தான் தெரியும். சொந்தக்காரர்களுக்கு இரண்டாவது பெயர்தான் தெரியும். கடைக்கார நானா தனக்குத் தெரியாது, உள்ளே ஆளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பினார். நான் பின்னால் கை கழுவப் போயிருந்தேன்; நடந்ததைக் கடைக்காரர்தான் பிறகு சொன்னார். அந்த ஆள் தேநீர்க் குவளையைக் கீழே வைக்கவில்லை. நேராகப் போங்கள், தஞ்சோங் காராங் தாண்டுங்கள், இரண்டாவது பாலத்தில் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்கள் என்று சொல்லிவிட்டார். நான் வருவதற்குள் வேன் போய்விட்டது.

இரட்டைமரத் தோட்டம் நேர் எதிர்த்திசையில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. வேனில் வந்தவர்கள் வயல்காட்டு வாய்க்கால்களுக்கு நடுவில் நின்று, மலாய்க்கார விவசாயிகளிடம் ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வேனில் இருந்தவர்களில் ஒருவர் இறந்தவரின் அக்கா. தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுவாரம் அதே கடையில் அவரிடம் இதைச் சொன்னேன். தெரியாத இடத்துக்கு ஏன் வழி சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் வருத்தப்படவில்லை, கோபப்படவும் இல்லை.

"கேட்டவங்கள சும்மா அனுப்பக் கூடாது சார். எவ்ளோ நம்பிக்கையோட போனாங்க, பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

பொய்யர் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாகிவிடும். பொய் சொல்பவனுக்கு உண்மை எங்கே இருக்கிறது என்று தெரியும். அதன் மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு போவான். இவருக்கு அந்தச் சிரமம் கிடையாது. கேள்வி காதில் விழும்போதே பதில் வாயில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மற்ற மனிதர்கள் நின்று யோசிக்கிற இடம் ஒன்று உண்டே, அது அவரிடம் கட்டப்படவே இல்லை.

அப்போது அவர் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு காப்புறுதி பாலிசி. அதற்கும் முன்பு ஏதோ ஒரு கல்லூரியில் கொஞ்ச காலம் பொறியியல். எந்தக் கல்லூரி என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் தயங்காமல் பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு கல்லூரி. என் தங்கை சரோஜா வீட்டு அடுப்படியில் அவர் மாட்டிய வடிகட்டி இன்னும் இருக்கிறது. பிடித்த அழுக்கெல்லாம் உள்ளே எங்கே போகும் என்று அவள் கேட்டாள். உள்ளேயே சுற்றிச் சுற்றி மினரலாக மாறிவிடும் என்றார். தங்கை நம்பினாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மினரல் என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால் நம்பாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

அடைப்பு முடிந்து கோயில்களைத் திறந்தபோது அவர் நீலக் கோட்டோடு திரும்பி வந்தார். சார் என்று கூப்பிட வேண்டாம், கோச் என்று கூப்பிடுங்கள் என்றார். முதலில் நான்காம் தொழிற்புரட்சி என்று பேசிக்கொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் செயலி எல்லோர் கைப்பேசியிலும் வந்தபிறகு அவர் வாயில் வேறு சொல் இல்லை. ஏ.ஐ. காலையில் ஏ.ஐ., கல்யாண வீட்டில் ஏ.ஐ., காது குத்துக்குப் போனால் அங்கேயும் ஏ.ஐ.

எங்கள் கோயில் மண்டபத்தில் அதை அவர் ஊருக்குக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆடித் திருவிழா முடிந்த இரண்டாவது ஞாயிறு. பந்தல் கம்புகளைக்கூட இன்னும் பிடுங்கவில்லை. பழைய தோட்டம் ஒன்றின் வரலாற்றை இப்போது எந்திரமே சொல்லும் பாருங்கள் என்று சொல்லிக் கைப்பேசியில் தட்டினார். எந்திரம் சொன்னது. தொடங்கிய ஆண்டு, தொடங்கிய வெள்ளைக்காரர் பெயர், ரப்பர் ஆலையில் நடந்த பெரிய தீ விபத்து, எல்லாம் வந்தது. அந்தத் தோட்டத்தைப் பற்றி நான் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். கல்லறைக் கற்களைப் படித்திருக்கிறேன், கணக்கெழுதிய பழைய கிராணிகளையும் வேலை வாங்கிய மண்டோர்களையும் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெயரில் ஒரு வெள்ளைக்காரர் அங்கே இருந்ததில்லை. தீ விபத்து நடக்கவில்லை. எரிவதற்கு அந்தத் தோட்டத்தில் ஆலையே கிடையாது, ரப்பர் பாலை லோரியில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். எழுந்து நின்று இதைச் சொன்னேன்.

அவர் புன்னகை செய்தார். "ஐயா சொல்றது ஒரு வெர்ஷன். இது இன்னொரு வெர்ஷன். ரெண்டையும் நாம மதிக்கணும்" என்றார். கூட்டம் கை தட்டியது. ஆலய நிர்வாகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது.

எந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதனிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்தால் அது பயன்படுகிறது. என் பழைய ஆங்கில ஆவணங்களைப் படித்துச் சுருக்க நானே அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் தனியாக இருந்த அந்த மனிதருக்கு ஒரு துணை கிடைத்துவிட்டதே என்பதுதான் என் கவலை.

அதற்குப் பிறகு வகுப்பு தொடங்கினார். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளில் பொறியியல் படிப்பவர்கள், படித்து முடித்து வேலை தேடுபவர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள் எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்துக்கு வரச் சொன்னார். ஏ.ஐ. காலத்தில் வேலைக்குத் தயாராவது எப்படி என்பது பாடம். கட்டணம் வாங்கவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும். வாங்கியிருந்தால் யாராவது ஒருவராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

அதே மண்டபத்தில் அதே ஞாயிறு காலையில்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு நடக்கும். அது முடிந்ததும் இவருடைய வகுப்பு. முன்னால் ஒருவர் ஓர் அடியைப் பாட, பின்னால் எல்லோரும் அதே இராகத்தில் திருப்பிச் சொல்லி மனத்தில் ஏற்றுவது எங்கள் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். மறந்தவர் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். அவர் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். நேர்முகத் தேர்வில் கேட்கக்கூடிய கேள்விகளை எந்திரத்திடம் கொடுத்துப் பதில் வாங்குவார். அதை ஆங்கிலத்தில் அடி அடியாகச் சொல்வார். பட்டதாரிப் பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். அடுத்த அறையில் நான் கோயிலின் பழைய அழைப்பிதழ்களை ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பேன். பேரார்வத்தைச் சொல்லும் பேஷன் என்ற இடத்தில் குரல் ஏறும், டீம்வொர்க் என்ற இடத்தில் இறங்கும். அர்த்தம் தெரியாமல் கேட்டால் ஏதோ பதிகம் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அந்த வகுப்புக்கு ஒரே சட்டம். தெரியாது என்ற சொல் வாயில் வரக் கூடாது. வந்தால் கடைசி வரிசை.

என் தங்கை மகள் தர்ஷினி அந்த வகுப்பில் இருந்தாள். மின்னியல் பொறியியல் முடித்திருந்தாள். அப்பா பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். படிப்பு முடிந்த நாளிலிருந்து அவள் வேலைக்கு எழுதிப் போடாத இடம் இல்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. டவுனில் ஒரு மருந்துக் கடையில் கல்லாவில் நின்றுகொண்டிருந்தாள். படித்த வேலை இனி கிடைக்காது என்று அவள் வீட்டில் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அவளுடைய கடைசி ஆண்டுத் திட்டப்பணியை நான் அறிவேன். செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் குலைகளை மேலே ஏற்றும் கன்வேயரின் பேரிங்கில் அதிர்வை அளக்கும் ஒரு சென்சாரைப் பொருத்தினாள். வரும் அளவுகளைக் கணினி கற்றுக்கொண்டு, பேரிங் கெடப் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணினி சொன்னது. ஆலையை நிறுத்திக் கழற்றிப் பார்த்தார்கள். பேரிங் புதிது போல இருந்தது. மறுபடி மாட்டி ஓட்டினால், மத்தியானத்துக்கு மேல் மட்டும் அதிர்வு ஏறியது. மறுபடி எச்சரிக்கை. காரணம் கண்டுபிடிப்பதற்குள் கல்லூரிப் பருவம் முடிந்துவிட்டது. அறிக்கையில் அப்படியே எழுதிக் கொடுத்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. சாப்பிடும்போதுகூட மேசைமேல் விரலால் அலை அலையாகக் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிறு காலை, அடுத்த அறையில் இருந்தபடி நான் கேட்டேன்.

"கோச், என் புரோஜெக்ட் சரியா வரல. ஏன்னு எனக்குத் தெரியல."

"எந்த வார்த்த அது?" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் கடைசி வரிசைக்குப் போகிறாள். "ஃபெயிலானதக் கொண்டுபோய்க் காட்டுனா யாரும்மா வேல குடுப்பா? பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு மொதல்ல வீட்டு ஒழுகலத்தான் காட்டுவீங்களா?"

மறுபடி சிரிப்பு. பிறகு அவளுடைய திட்டப்பணியின் தலைப்பை எந்திரத்திடம் கொடுத்தார். வழுவழுப்பான ஒரு பத்தி வந்தது. அதில் கன்வேயர் ஒரு நாளும் நிற்கவில்லை, கணினி ஒரு முறையும் தவறவில்லை. அதே பத்தியின் கடைசி வாக்கியத்தை எல்லோருடைய திட்டப்பணிக்கும் ஒட்டினார். மனிதனும் எந்திரமும் கைகோத்து நடக்கும் நாளையை நோக்கி என்று முடியும் வாக்கியம். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். தர்ஷினியும் சொன்னாள்.

புரட்டாசி பிறந்ததும் அவளுக்கு ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. கிள்ளான் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அதுவரை வந்த ஒரே அழைப்பு. அவள் அப்பாவுக்கு அன்று லோரி ஓட்டம் இருந்ததால் நான் என் காடியை ஓட்டி அழைத்துப் போனேன். காத்திருக்கும் அறையில் அதே வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்டார்கள். பையன்கள் முதலில் உள்ளே போய் வந்தார்கள். பிறகு தர்ஷினி போனாள். நான் செய்தித்தாளின் தலையங்கத்தை முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் காப்பார் ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு பேரு இருந்தாங்க மாமா" என்று தானாகவே ஆரம்பித்தாள். "ஒரு மலாய்க்கார மேனேஜரு, ஒரு சீன இன்ஜினியரு, லேடி. நான் புரோஜெக்டப் பத்திச் சொல்லிக்கிட்டே வந்தேன். கடைசி சென்டென்ஸ ஆரம்பிச்சேன் பாருங்க, மீதிய அந்த மேனேஜரே சொல்லிட்டாரு. அதே ராகத்துல. சிரிக்கறாருலா."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"அந்த லேடி சிரிக்கல. 'உங்க புரோஜெக்ட்ல எது ஒர்க் ஆகல?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எவ்ரிதிங் ஒர்க்டு. அவங்க பேனாவ மூடிட்டாங்க."

கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள்: "மாமா, அந்த ஒரு கேள்விக்குத்தான் எங்கிட்ட நெஜமான பதில் இருந்துச்சு."

வேலை கிடைக்கவில்லை. மூன்று பேருக்கும்தான். அடுத்த ஞாயிறு என் தங்கை சரோஜா வகுப்பு நேரத்திலேயே மண்டபத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவள் சண்டைக்குப் போகவில்லை. என் மகளிடம் என்ன குறை என்று மட்டும் அவரிடம் கேட்டாள். அவர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. எனர்ஜி போதாது, கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, இரண்டே வாரத்தில் சரி செய்துவிடலாம் என்றார். அவர் அந்த நேர்முகத் தேர்வின் பக்கமே போகாதவர் என்பது அவருக்கு ஒரு தடையாக இல்லை. தங்கை தலையாட்டினாள். அவள் கண்ணில் மறுபடி மினரல் தெரிந்தது.

அப்போதுதான் தர்ஷினி கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

"கோச், எனக்கு ஒரு டவுட். கன்வேயர் பேரிங்ல மத்தியானத்துக்கு மேல மட்டும் வைப்ரேஷன் ஏறுது. கழட்டிப் பாத்தா பேரிங் நல்லாருக்கு. ஏன்?"

"வெயில்மா. சூட்டுல இரும்பு விரியும்."

"சூடும் அளந்து பாத்தேன் கோச். காலையிலயும் மத்தியானத்துலயும் ஒண்ணுதான்."

"அப்ப சென்சார்."

"மாத்திட்டேன்."

"வயரு."

"அதையும் மாத்திட்டேன்."

அவர் கைப்பேசியை எடுத்தார். கேள்வியை அதனிடம் சொன்னார். எந்திரம் வரிசையாகக் காரணங்களைக் கொடுத்தது. ஒவ்வொன்றையும் தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அவள், பார்த்துவிட்டேன், அது இல்லை என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு இல்லைக்கும் அவர் குரல் ஒரு படி ஏறியது. பட்டியல் தீர்ந்தது. மறுபடி கேட்டார். எந்திரம் அதே பட்டியலை வேறு சொற்களில் கொடுத்தது. இப்போது வேறு வழி இல்லை, அந்தச் சொல் வந்தே தீர வேண்டும் என்று நான் நினைத்தேன். நான் அதற்காக ஆசையோடு காத்திருந்தேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். முகத்தில் அதே வெளிச்சம்.

"நல்ல கேள்வி. இந்த மாதிரி கேள்வியத்தான் நான் இத்தன வாரமா எதிர்பாத்தேன். எல்லாரும் தர்ஷினிக்கு ஒரு தடவ கை தட்டுங்க."

தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது கேள்வி செத்துப்போயிருந்தது. அவர் அடுத்த அடியைச் சொல்ல ஆரம்பித்தார்.

தர்ஷினி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்று மத்தியானம் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்தச் சீன அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். எந்திரத்தைக் கேட்கவில்லை; என்னையும் கேட்கவில்லை. எழுதியதை அனுப்பிவிட்டுத்தான் காட்டினாள்: நான் அன்று சொன்னது என் திட்டப்பணி இல்லை. என்னுடையது சரியாக வரவில்லை. இவற்றையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் இருந்தது. வேலை தாருங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. நான் சொல்லவில்லை.

பதில் வராது என்றுதான் இருந்தோம். நவராத்திரி நடுவில் வந்தது. ஒரே வரி. எர்த்திங்கைப் பார்த்தீர்களா?

அந்தத் தரை மின் இணைப்பை அவள் பார்த்திருக்கவில்லை. ஆலையில் அனுமதி கேட்டு, கடைக்கு விடுப்புப் போட்டு, ஒரு சனிக்கிழமை முழுவதும் அங்கே இருந்தாள். எண்ணெய்க் கறையோடு என் வீட்டுக்கு வந்து பதில் எழுதினாள்: எர்த்திங் காரணம் இல்லை. இன்னும் தெரியவில்லை. அதற்கு அந்த அம்மா, மத்தியானத்துக்கு மேல் அதே மின்தடத்தில் வேறு எது ஓடுகிறது என்று கேட்டு எழுதினார். மறுபடி ஆலைக்குப் போனாள். அதுவும் இல்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் தெரியவில்லை, தெரியவில்லை என்று எழுதிக்கொள்வதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் வாழ்நாளில் படித்த கடிதப் போக்குவரத்துகளில் அதைவிட நாகரிகமானதை நான் கண்டதில்லை.

தீபாவளிக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஓர் இடம் காலியானது. அந்த அம்மா கூப்பிட்டார். தர்ஷினி சேர்ந்தாள். கன்வேயரின் காரணத்தை இதை எழுதும் நாள்வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது இரண்டு பேர் தேடுகிறார்கள். டை கட்டிய பையன்களில் ஒருவன் தந்தை கடையில் உட்கார்ந்துவிட்டான். மற்றவன் இன்னும் எல்லா நேர்முகத் தேர்வுக்கும் போகிறான், அந்த வாக்கியத்தோடு.

தைப்பூசம் முடிந்த வாரம் பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். நடுவில் நீலக் கோட்டில் அவர். கீழே வட்டத்துக்குள் ஒரு முகம். என் மாணவி, இன்று பொறியாளர் என்று எழுதியிருந்தது. தர்ஷினியின் படம். வகுப்பில் எடுத்தது. பாதி மூடிய கண், கோரஸில் திறந்த வாய்.

நான் அவரைக் கைப்பேசியில் அழைத்து, அதை எடுக்கச் சொன்னேன். சந்தோஷமான விஷயம்தானே சார் என்றார். அவள் எங்கே, என்ன வேலை செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பட்டென்று சொன்னார். வேறு தொழிற்சாலை, வேறு வேலை. சித்திரையில் தலைநகருக்குப் போய்விட்டார். பதாகையை அவிழ்க்கவில்லை.

என்னால் அவிழ்க்க முடியும். ஒரு கத்தி போதும். ஆனால் அதற்குள் தர்ஷினியின் அப்பா லோரியை அந்த இடத்தில் நிறுத்தி, யாரையோ கூப்பிட்டு, பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, அந்த ஆளுக்கும் இவ வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றேன்.

"தெரியும் மச்சான்" என்றார். "எல்லாந் தெரியும். எங்க அப்பா படமே ஐ.சி. அடையாள அட்டையில மட்டுந்தான் இருந்துச்சு. எம் புள்ள படம் ரோட்டுல இருக்கு. கொஞ்ச நாளு இருக்கட்டுமே."

தர்ஷினி உள்ளே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை.

பதாகை இன்னும் இருக்கிறது. வெயிலில் அவருடைய கோட்டு வெளுத்துவிட்டது. அவள் முகம் ஏனோ வெளுக்கவில்லை. தொழிற்சாலை பஸ் தினமும் காலையில் அதைக் கடந்துதான் போகிறது. அப்பாவிடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பஸ்ஸில் மட்டும் மறுபக்கத்துச் சன்னலோரம் உட்காருகிறாள்.